காளி வேஷத்துக்கு ஆள்

...பால் பொங்குவதற்குள் அவர்கள் எழுந்து போய்விட்டால் தேவலை, ஆனால் தசராவுக்கு வேஷம் கட்டிப் போகிற செட்டுக்காரர்கள் காப்பி குடிக்காமல் போவார்களா, அதிலும் பூதத்தான் அண்ணாச்சி, கீழ்வீட்டுக்காரர், நல்ல மனுஷன், வெற்றிலைத் தட்டோடு வந்து மரியாதையாகத்தானே கேட்டார், "ஏ சங்கரி, குலசை கோயில் தசராவுக்கு இந்த வருசம் ஒம் மாப்பிள்ளையத்தான் காளி வேசம் கெட்டச் சொல்லணும்னு செட்டுல ஒரே பேச்சு, மை பூசுத சோலியே இல்ல பாத்துக்கோ", ஐயோ, எத்தனை ஆசையாகச் சொன்னார், அதுதான் கொடுமை, வைகிற ஆளாக இருந்தால் வாரியலைத் தூக்கியிருக்கலாம்.

பாவம் அவள் புருஷன் முலெங்கா... ஜாம்பியாவிலிருந்து வந்து இங்கே எலெக்ட்ரிகல் இஞ்சினியரிங் படித்து, அவளும் அவனும் ஒரே வகுப்பு, முதல் மார்க் அவனுக்குத்தான், கல்யாணமாகி நெல்லைத் தமிழும் பேசி என்ன செய்ய, இன்டர்வியூவுக்குப் போகிற இடமெல்லாம் சொல்லி விடுதோம், சொல்லி விடுதோம்... ஒரு கம்பெனியில் ஃபுட்பால் ஆடுவீங்களா என்று கேட்டார்களாம். அன்றைக்குச் சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான். சோறு இறங்கவில்லை, ஊரிலிருந்து அவன் அம்மா கூப்பிட்டால் போனைக் கவிழ்த்து வைக்கிறான், டாக்டரிடம் போவோமா என்றால் வேலை இல்லை, அவ்வளவுதான் என்கிறான், அவ்வளவுதானா? இன்றைக்குத்தான் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து உட்கார்ந்தான், தன்னைத் தேடி நாலுபேர் வந்திருக்கிறார்கள் என்று.

காளி என்றதும் கோபப்பட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! கொஞ்சம் யோசித்துவிட்டு, நாற்காலி நுனிக்கு வந்து, "வேசம் வேண்டாம் அண்ணாச்சி, செட்டு வண்டியில ஜெனரேட்டரு, லைட்டெல்லாம் ஆரு பாக்கா? நான் பாக்கேன், சம்பளம்கூட வேண்டாம்" என்றான், எத்தனை மாதம் கழித்து அந்தக் குரல்... அண்ணாச்சி தொடையைத் தட்டிச் சிரித்தார், "அதுக்கெல்லாம் ஆள் இருக்குல்லா வே, ஒம்மள மாதிரி காளிக்கு எங்க போக?", கூட வந்தவர்களும் சிரித்தார்கள், அவன் அவர்களைப் பார்க்கவில்லை, அடுக்களை வாசலில் நின்ற அவளைத்தான் பார்த்தான், ஏன் அப்படிப் பார்த்தான், பார்த்துவிட்டு எதற்கு "சரி அண்ணாச்சி, கெட்டுதேன்" என்றான்? சீனி போட்டோமா இல்லையா, இன்னொரு கரண்டி போட்டு ஆற்றினாள், டம்ளர்களைத் தட்டில் வைத்தாள், விரதம் எப்படி இருக்க வேண்டுமென்று கூடத்தில் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள், அவன் உம் கொட்டுகிறான்... தட்டைத் தூக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது, வந்தவர்கள் முகம் கோணக்கூடாதே என்று, அவன் பார்த்த அந்த நேரத்தில், அவர்களோடு சேர்ந்து அவளும் அல்லவா சிரித்திருக்கிறாள்.