லிஃப்டில் ஏறக்கூடாதவள்

நோய் வந்த புதிதில் நாடே பால்கனியில் நின்று கைதட்டியது. அந்தப் பத்து மாடிக் குடியிருப்பில் தட்டிய சத்தம் தெருமுனை வரை கேட்டது. மறுநாள் காலையிலேயே லிஃப்ட் கதவில் ஒரு காகிதம் ஒட்டினார்கள்: 'வீட்டு வேலையாட்கள் படிக்கட்டை மட்டும் பயன்படுத்தவும்.'

எட்டாவது மாடி வீட்டில் சமைப்பவள் மூட்டுவலிக்காரி. உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறுவாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கட்டடத்து லிஃப்டும் அவர் பராமரிப்பில்தான் இருந்தது.

"உன் புருஷன் ஓட வைக்கிற வண்டியில உனக்கே இடமில்லையாக்கா?" என்று படி கூட்டுகிற பெண் கேலி பண்ணுவாள். சமையல்காரிக்குச் சிரிப்பு வரும், மூச்சுதான் வராது.

அந்த நேரத்தில் எட்டாவது மாடி அம்மாவின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்தான். வந்தவர்களைத் தனியே தங்கவைக்க வேண்டும் என்பது அரசாங்க உத்தரவு. யாரையோ பிடித்து, விமான நிலையத்திலிருந்து நேரே வீட்டுக்கு வந்துவிட்டான். அவன் இருமிக்கொண்டே சாப்பிட்ட தட்டை இவள்தான் கழுவினாள்.

"ஒண்ணுமில்ல, பிளேன்ல ஏசி ஒத்துக்கல" என்றாள் அந்த அம்மா.

அடுத்த வாரம் சமையல்காரி காய்ச்சலில் விழுந்தாள். அரசு மருத்துவமனையில் கட்டில் இல்லை. வராந்தாத் தரையில் போட்டு, ஒரே ஆக்சிஜன் சிலிண்டரை அவளுக்கும் பக்கத்தில் கிடந்த பெண்ணுக்கும் மாற்றி மாற்றி வைத்தார்கள். கேட்டுக்கு வெளியே நின்ற மெக்கானிக்கின் செல்போனில், கட்டில் தட்டுப்பாடே கிடையாது என்று அமைச்சர் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்துப் பெண் போய்ச் சேர்ந்தாள். இவள் பிழைத்தாள்.

உடம்பு தேறி வேலைக்குப் போனவளைக் குடியிருப்போர் சங்கச் செக்ரட்டரி வாசலிலேயே மடக்கினார்.

"உன்னாலதாம்மா இந்த பில்டிங்குக்கே நோய் வந்துச்சு. வாட்ஸ்அப் குரூப்ல எல்லாருக்கும் போட்டுட்டேன்."

எட்டாவது மாடி அம்மா பக்கத்தில்தான் நின்றாள். முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அன்று லிஃப்ட் பழுதாகிக் கிடந்தது. மெக்கானிக் மோட்டார் அறையில் இருந்தார். ஆறாவது மாடிப் பெரியவர் டயாலிசிஸுக்குப் போக வேண்டும் என்பதற்காக வேகவேகமாகச் சரிசெய்து, அவரைப் பத்திரமாக இறக்கி வண்டியேற்றினார். திரும்பி வந்தபோது மனைவி படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். செக்ரட்டரி சொன்னதைச் சொன்னாள். அவருக்குக் காது மடல் வரை சூடேறியது.

"எழுந்திரு. லிஃப்ட்ல ஏறு."

"ஏங்க, வேணாங்க..."

"ஏய், என்னப்பா பண்றே?" என்று செக்ரட்டரி ஓடிவந்தார்.

"டெஸ்ட் பண்றேன் சார். உள்ள வெயிட் இருக்கணும்ல?"

அவரும் உள்ளே ஏற, கதவு மூடியது. ஒவ்வொரு மாடியிலும் நிறுத்தி, கதவைத் திறந்து மூடினார். பார்த்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். செக்ரட்டரி படிவழியாகத் துரத்திக்கொண்டே ஏறினார். எட்டாவது மாடியில் கதவு திறந்தபோது அம்மாவின் மகன் நின்றிருந்தான்.

"தம்பி, ஊர்லேர்ந்து வந்த அன்னைக்கு எதுல ஏறி வந்தீங்க?" என்று கேட்டாள் சமையல்காரி.

"லிஃப்ட்லதான்க்கா."

"இருமல் அப்பவே இருந்துச்சா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இருந்துச்சு."

"உள்ள போடா!" என்று வீட்டுக்குள்ளிருந்து அம்மா கத்தினாள்.

அவன் பதில் சொல்லும்போதே மேலேறி வந்துவிட்ட செக்ரட்டரி, படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காதுல விழுந்துச்சா சார்? இப்பச் சொல்லுங்க, நோயக் கொண்டுவந்தது யாரு?" என்றார் மெக்கானிக்.

செக்ரட்டரிக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. மூச்சு திரும்பியதும் செல்போனை எடுத்தார். லிஃப்ட் கம்பெனிக்குப் புகார் போனது. மெக்கானிக்கை ஊரின் மறுகோடிக்கு மாற்றினார்கள். மகன் மீது ஒரு கேள்வி கிடையாது. குரூப்பில் போட்டதையும் யாரும் அழிக்கவில்லை.

சமையல்காரி ஒரு ஹாஸ்டலில் வேலைக்குச் சேர்ந்தாள். சில மாதம் கழித்து எட்டாவது மாடி அம்மா போன் செய்தாள்.

"ஆள் யாரும் சரியா அமையல. வந்துடேன். லிஃப்ட்லயே வா, நான் சொல்லிக்கிறேன்."

"நோய் யார் வீட்லேர்ந்து வந்துச்சுன்னு குரூப்ல எழுதுங்கம்மா. அப்புறம் பேசலாம்."

எதிர்முனையில் போனை வைத்துவிட்டாள். சமையல்காரி வாய்விட்டுத் திட்டிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனாள்.