என்ற பேருக்கு ஒரு பானை

அந்தப் பானையில மட்டும் கை வைக்காதீங்க தம்பி. நீங்க நல்ல எண்ணத்துலதான் கொண்டாந்திருக்கீங்க, இல்லைன்னு சொல்லல. சேலத்துல இருந்து நூல் மூட்டையோட மூட்டையா, உடையாம வைக்கோல் சுத்தி, இந்தப் பீங்கான் சட்டியைக் கொண்டாந்து எறக்கியிருக்கீங்க. பூ வேலைப்பாடெல்லாம் கண்ணுல ஒத்திக்கலாம். ஆனா மரம் இப்ப இருக்கற பானையிலதான் இருக்கும். ஏன்னு கேட்டா சொல்றேன், அதுக்குள்ள மொகத்தைத் தொங்கப் போட்டா எப்படி? சித்தெ அந்தக் கட்டில்ல உக்காருங்க குழந்தைவேலு. நூலை அப்புறமேட்டுக்கு எடை போட்டுக்கலாம்.

இந்த மரம், நான் பெத்த என்ற மவன் சரவணமுத்து பினாங்குல இருந்து கொண்டாந்ததுங்க. நம்ம வெண்ணந்தூர்க் கைலியை அங்க கடை போட்டு வித்துக்கிட்டு இருந்தான். கலியாணத்துக்கு வந்தப்ப ஒரு கையில பொட்டி, ஒரு கையில இது. நாகப்பட்டணத்துல கப்பலை உட்டு எறங்குனதுல இருந்து ரயிலு பூராவும் மடியிலயே வச்சுக்கிட்டு வந்தானாம். பாத்தா ஆலமரம். விழுதெல்லாம் உட்டிருக்குது. ஆனா ஒரு முழம் உசரங்கூட இல்ல. பக்கத்துக் கடைச் சீனாக்காரன் பிரியமாக் குடுத்ததாம். "அம்மா, இது உனக்கு மூத்ததா இருந்தாலும் இருக்கும்"னான். ஆலமரத்தை எதுக்குடா சட்டியில கொண்டாந்து அடைச்சே, ஏரிக்கரையில வச்சா ஊரே நெழலுக்கு ஒதுங்குமேன்னு அவனைப் பேசுனேன். அவன் சிரிச்சுக்கிட்டே தண்ணி தெளிச்சான்.

திரும்பிப் போறப்ப பொண்டாட்டிகிட்ட அவளைப் பத்திச் சொன்னதைவிட மரத்தைப் பத்திச் சொன்னதுதான் நெம்ப. "அங்கம்மா, நான் வர்ற வரைக்கும் இது வாடாமப் பாத்துக்கோணும். இது நல்லாருந்தா நானும் நல்லாருக்கறேன்னு நெனைச்சுக்க." வெளையாட்டுக்குத்தான் சொன்னான். வெளையாட்டுக்குன்னாலும் வாயில வர்றதையெல்லாம் சொல்லலாமுங்களா? கலியாண மஞ்சள் காயாத புள்ளை, அதைக் கெட்டியாப் புடிச்சுக்கிச்சு. நானுந்தான் புடிச்சுக்கிட்டேன். வெளிய காட்டிக்கல.

போன வருசத்துக்கு முந்தின மார்கழியில, சப்பான்காரன் பினாங்கு மேல குண்டு போட்டுட்டான்னு ராசிபுரம் சந்தை பூராப் பேச்சு. அதோட காயிதம் நின்னு போச்சு. அந்த வாரம் ஒறம்பரை ஒறவுச் சனம் ஊட்டுக்கு வந்துக்கிட்டே இருந்துச்சு. விசாரிக்க வாராங்களா, எழவுக்கு வாராங்களான்னே தெரியல. என்ற நாத்தனா கந்தம்மாள் வாசப்படி ஏறறப்பவே முந்தானையை மூஞ்சியில வச்சுக்கிட்டா. "ஆருக்கு என்ன ஆச்சுன்னு இப்ப அழுவறே? என்ற மவன் இருக்கறான். கண்ணைத் தொடச்சுக்கிட்டு வர்றதுன்னா உள்ள வா"ன்னேன். ரோசம் பொத்துக்கிட்டு வந்துருச்சு அவளுக்கு. வெடுக்குன்னு திரும்புனா. இடுப்பு இடிச்சு, மேடையில இருந்த மரம் சட்டியோட கீழ உழுந்துச்சு. சட்டி மூணு நாலாப் போச்சு. அங்கம்மா மண்ணோட மரத்தை அள்ளி மடியில வச்சுக்கிட்டா. கந்தம்மாளை நான் பேசுன பேச்சுக்கு அவ இன்னும் எங்க ஊட்டுப்பக்கம் தலை வச்சுப் படுக்கறதில்ல. வராட்டிப் போறா.

உடஞ்ச சில்லைப் பொறுக்கறப்பத்தான் பாத்தேன். சட்டிக்கு அடியில ரண்டு பொத்தல். அட, பொத்தச் சட்டியையா என்ற மவன் தலையில கட்டிட்டான் அந்தச் சீனாக்காரன்னு எனக்கு எரிச்சல். நம்ம பக்கம் புதுப் பானையில துளை போடறது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாததா? கொள்ளிக்குடத்துக்கு. பொணத்தைச் சுத்தி, புள்ளை தோள்ல குடத்தை வச்சுக்கிட்டு நடக்கறப்ப, சுத்துக்கு ஒரு துளை போடுவாங்க. தண்ணி பீச்சிக்கிட்டே வரும். கடைசியில பின்னால உட்டு ஒடப்பாங்க. அந்த மாதிரிப் பாத்திரத்தை இத்தனை நாளு ஊட்டுக்குள்ள வச்சிருந்தமேன்னு சில்லையெல்லாம் அள்ளிக் குப்பைமேட்டுல வீசுனேன். ஒடஞ்சதே நல்லதுன்னுகூட நெனைச்சேன்.

அப்புறம் எதுல வைக்கறது? சோத்துப் பானை ஆழம். கொழம்புச் சட்டி வாய் குறுகல். பித்தளை வெயில்ல சுடும்னா அங்கம்மா. மரம் ஈரச் சாக்குல சுத்திக் கெடக்குது, வேரு காஞ்சு போவும்னு அவ தவியாத் தவிக்கறா. நான் அட்டாலி மேல ஏறி என்ற கல்சட்டியை எறக்குனேன். என்ற அம்மா ஊட்டுச் சீரு அது. அகலம், அடி கெட்டி, ஒரு கீறல் கெடையாது. அந்தக் கல்லுக் கறுப்புக்கும் எலைப் பச்சைக்கும் எப்படி இருந்துச்சுங்கறீங்க. "பாத்தியா, உன்ற புருசனுக்கு ராசாச் சட்டி"ன்னேன். சேதி நின்ன பொறவு அவ சிரிச்சது அன்னைக்குத்தான்.

மாசங்கூட ஆவல, எலை மஞ்சக் கட்டிருச்சு. தண்ணி பத்தலையோன்னு அங்கம்மா இன்னும் ஊத்துனா. நானும் அவளுக்குத் தெரியாம ஒரு சொம்பு ஊத்துவேன். அது எத்தனையைத்தான் குடிக்கும்? மண்ணு கொழகொழன்னு ஆயி, ஒரு மாதிரி வாடை அடிச்சுது. எலை கொட்ட ஆரம்பிச்சுது.

வெடியால எந்திரிச்சதும் உழுந்த எலையைப் பொறுக்கிக் கம்பு மொடாவுக்குப் பின்னால போட்டுருவேன். புள்ளை பாத்தா ஒடஞ்சு போயிருவாளேன்னு. ஒருநா நெய்யறப்ப நூல் ஓட்டற நாடா தெறிச்சு, கால் வைக்கற தறிக்குழிக்குள்ள உழுந்துருச்சு. எடுக்கக் குனிஞ்சா, குழி மூலையில துணி மூட்டை ஒண்ணு. அவுத்துப் பாத்தா அத்தனையும் மஞ்ச எலை. அவ எனக்கும் முன்னால எந்திரிச்சுப் பொறுக்கியிருக்கறா. இத்தனை நாளு நான் எடுத்ததெல்லாம் அவ கண்ணுக்குத் தப்புனது. மூட்டையைக் கட்டி எடுத்த எடத்துலயே வச்சுட்டேன். என்னன்னு கேக்கறது? கேட்டா அவளும் என்னைக் கேப்பா. நெஞ்சுக்குள்ள பயம் வந்து உக்காந்துக்கிச்சு. அது இன்னும் எந்திரிச்சுப் போவல.

அன்னைக்குப் பொழுதோட அவளே வந்து நின்னா. "அத்தை, சட்டியில தண்ணி தேங்கி நிக்குதுங்க. அந்த ஒடஞ்ச சட்டியில இருந்த பொத்தல் தண்ணி போறதுக்குத்தாங்க. இது வேரு அழுகுது. துளை போட்ட சட்டி வேணுங்க."

"வாயைக் கழுவு"ன்னேன்.

அவ வாயைக் கழுவல. மக்காநாளே பானை செய்யற அப்புசாமி ஊட்டுக்குப் போயிட்டா. அந்த மனுசன் பதறிப் போயி, "அம்மிணி, புருசன் சேதி தெரியாம இருக்கற பொண்ணு வந்து கேக்கற பொருளா இது? பானை எது வேணாலும் எடுத்துக்க. துளையை என்ற கையால போடமாட்டேன்"னு கையெடுத்துக் கும்புட்டுட்டாராம். அவரு பயம் அவருக்கு. வாய் அகலமா, குட்டையா ஒரு பானையைத் தூக்கிக்கிட்டு வந்து ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில வச்சா. நானும் அதைப் பாக்காத மாதிரி இருந்தேன், அவளும் அதைப் பத்திப் பேசல. ஆனா சாணி தட்டப் போனாலும் தண்ணி வாக்கப் போனாலும் அது கண்ணு முன்னாலயே நின்னுச்சு.

நான் சும்மா இருந்தேன்னு நெனைக்காதீங்க. கல்சட்டி அடியில பொடிக்கல்லு பரப்பிப் பாத்தேன். சட்டியைச் சாச்சு வடிச்சுப் பாத்தேன், மரமும் கூடச் சாஞ்சுது. எனக்கு ரண்டு பக்கமும் அடி தம்பி. துளை போட்டா அவனுக்கு ஆவாது. போடாட்டி மரம் சாவும், மரம் போனா நானும் போனேன்னு அவனே சொல்லாமச் சொல்லிட்டுப் போயிருக்கறான். மாரியாத்தா கோயலுக்குப் போயி, வலப்பக்கம் உழுந்தாப் போடலாம், எடப்பக்கம்னா வேண்டாம்னு பூக் கேட்டேன். வலப்பக்கமும் எடப்பக்கமும் சேந்தாப்பல உழுந்துச்சு. அவளுக்கே தெரியல, என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?

அப்புறம் ஒருநா வெடியால கண்ணு முழிச்சா, அங்கம்மா பாயில இல்ல. பொடக்காளிக் கதவு தொறந்திருக்குது. ஓடிப்போய்ப் பாக்கறேன். சாக்கு மேல பானையைக் கவுத்து வச்சுக்கிட்டு, கையில ஒரு ஆணியோட உக்காந்திருக்கறா. தாலியை எடுத்து முதுகுப்பக்கம் தள்ளி உட்டிருக்கறா, அது இதைப் பாக்கக்கூடாதுங்கற மாதிரி. ஆணி பானை மேல கடகடன்னு ஆடுது.

"எடு கையை"ன்னேன்.

"நுனிக் கொனையில நாலு எலைதாங்க பச்சையா இருக்குது. இதும் போயிருச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன் அத்தை?"

"நீ போடக்கூடாது சாமி. தாலி கட்டுன பொண்ணு போடக்கூடாது."

"அப்ப ஆருதாங்க போடறது? ஊருல ஒருத்தரும் போடமாட்டாங்க."

அவ பக்கத்துலயே உக்காந்துட்டேன். பானையைப் பாக்கப் பாக்க எனக்கு என்ற மவனோட அப்பா செத்த நாளுதான் நெனப்பு வந்துச்சு. சரவணமுத்துக்கு அப்ப பால்பல்லு உழுகற வயசு. குடத்தைத் தூக்க முடியாம, என்ற கொழுந்தனாரு பின்னால இருந்து தாங்கிப் புடிச்சுக்கிட்டாராம். பொம்பளைங்க நாங்க சுடுகாட்டுக்குப் போறதில்லையே. அவன் திரும்பி வந்ததைத்தான் நான் பாத்தேன். முதுகு பூரா நனைஞ்சு, பல்லைக் கிட்டிக்கிட்டு நடுங்குனான். "தண்ணி நெம்பக் குளுருச்சும்மா"ன்னான். என்ற சீலையில அவன் முதுகைத் தொடச்சு உட்டேன்.

அப்பத்தான் எனக்குப் பட்டுது. இந்தக் குடம் ஆருக்கு? பெத்தவங்களுக்கு. தூக்கறது ஆரு? பெத்த புள்ளை. துளை போட்ட பானை ஒண்ணு இந்த ஊட்டுல இருக்கோணும்னு விதி இருந்தா, அது என்றதாத்தான இருக்கோணும்? என்றதா இருந்தா, அதைத் தோள்ல வைக்க அவன் இருந்தாகோணும். எனக்கு வேற புள்ளையா இருக்குது?

ஆணியைப் புடுங்கிக்கிட்டேன். "தள்ளிக்க. இது என்ற பேருக்கு. ஆரு கேட்டாலும், எங்க அத்தைக்கு எடுத்து வச்ச குடம்னு சொல்லு."

அங்கம்மா என்ற கையைப் புடிச்சுக்கிட்டா. "வேண்டாமுங்க அத்தை. உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

"ஆவறப்ப ஆவட்டும். அவன் வராம ஆவாது. நான் உடமாட்டேன்."

அடிச்சா விரிசல் உட்டுரும்னு தண்ணி தொட்டுத் தொட்டு ஆணியைத் திருகுனேன். உள்ளங்கை தோலு உரிஞ்சுது. ஒண்ணு போட்டேன். அந்தச் சீனாக்காரன் சட்டியில இருந்த மாதிரியே இன்னொண்ணும் போட்டேன். அழுகுன வேரை நறுக்கி எடுத்துட்டு, ஏரி மணலுஞ் செம்மண்ணுங் கலந்து மரத்தை வச்சோம். அங்கம்மா ஒரு சொம்பு தண்ணி ஊத்துனா. சித்தெ நேரம் ஒண்ணுமே வரல. அப்புறம் பானைக்கு அடியில இருந்து சொட்டுச் சொட்டா வந்து மண்ணுல எறங்குச்சு. அவ அழுதுக்கிட்டே சிரிச்சா. எனக்கு அவன் நனைஞ்ச முதுகுதான் கண்ணு முன்னால வந்துச்சு.

ஊரு பேசாம இருக்குமா? மருமவ கையில மாமியா கொள்ளிக்குடத்தைக் குடுத்து மரம் வளக்கறான்னு பேசுச்சு. பேசட்டும், அவங்க வாயி, அவங்க பல்லு. மரத்தைப் பாருங்க, எப்படித் தழைஞ்சிருக்குதுன்னு. புதுசா ஒரு விழுதுகூட உட்டிருக்குது.

சேதியா? இன்னும் ஒண்ணும் இல்லீங்க தம்பி. பினாங்குக்குக் கப்பலே போறதில்லைங்கறாங்க. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா நான் கையில இருக்கறதைப் போட்டுட்டு எந்திரிச்சுருவேன். நீங்க வந்தப்பவும் அப்படித்தான். உள்ள தறிச் சத்தம் சட்டுன்னு நின்னுச்சே, கவனிச்சீங்களா? அவ எட்டிப் பாத்துட்டுப் போனா.

உங்க சட்டி நல்ல சட்டிதான், நான் திருப்பித் தரல. அட்டாலியில பத்திரமா வைக்கறேன். அவன் வந்து, அவன் கையால மரத்தை அதுல மாத்தட்டும். அதுவரைக்கும் ஆரும் மாத்தக்கூடாது. போன ஆடியில எனக்குக் காச்ச வந்து கண்ணு சொருகிப் போச்சு. அங்கம்மா காலைப் புடிச்சுக்கிட்டு அழுவறா. "பைத்தியக்காரி, என்ற பானையில மரமில்ல இருக்குது, குடம் இல்லாம நான் எப்படிப் போறது?"ன்னு கேட்டேன். மூணாநாளு எந்திரிச்சுத் தறியில உக்காந்துட்டேன்.

செரி, எந்திரிங்க. நூலை எடை போடுங்க.