மோட்டார் இறைத்த மண்

“அத்தா, நம்ம வீட்டுக்குக் கீழேயும் கடல் இருக்கா?” என்று ரஃபீனா ஒருமுறை கேட்டாள். ஆஸிம் சிரித்துவிட்டு மகளை மடியிலிருந்து இறக்கிவிட்டான். கொச்சி மட்டாஞ்சேரியில் இருந்த வீட்டைப் புதுப்பிக்கும்போது மாடி எழுப்ப அனுமதி கிடைக்கவில்லை. குடை மொத்த வியாபாரியான அவனுக்குச் சரக்கு வைக்க இடம் வேண்டுமே! கீழே தோண்டினான்.

இடுப்பளவு ஆழம் போனதுமே ஊற்று பொங்கியது. கடல் ஏறும் நேரங்களில் குழி குளமானது. மோட்டார் வைத்து ஓயாமல் இறைத்தான். தண்ணீரோடு மணலும் போயிற்று. பக்கத்து வீட்டு விஸ்வநாத்தின் அடுக்களைச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுந்தது.

ஒரு காலையில் விஸ்வநாத் வெட்டுக்கத்தியோடு குழிக்கரையில் வந்து நின்றார்.

“மோட்டாரை நிறுத்துடா ஆஸிமே. வெள்ளத்தோட என் வீட்டு மண்ணையும் உறிஞ்சுது.”

“மண்ணுல உங்க பேர் எழுதியிருக்கா சேட்டா?”

“கடலுக்குள்ள கடை போடறியா? மத்தி மீனுக்கு எதுக்குடா குடை?”

வேலையாட்கள் சிரித்துவிட்டார்கள். ஆஸிமுக்கு அந்தச் சிரிப்புதான் பொறுக்கவில்லை. விஸ்வநாத் மோட்டார்க் குழாயை ஒரே வெட்டில் துண்டாக்கினார். ஆஸிம் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து ஓங்கி அடித்தான். அவருடைய இடது முன்கை முறிந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. மறுபடியும் ஓங்கினான். வலியில் அலறிய விஸ்வநாத் அவனை எட்டி உதைத்தார். ஆஸிம் குழியில் விழுந்தான். அடிமண் இழந்த அடுக்களைச் சுவரும் பெயர்ந்து அவன்மேல் சரிந்தது.

கால் நசுங்கியது. மார்புவரை கல்லும் சேறும். வாயில் ரத்தம். மோட்டார்க் குழாய் துண்டானதால் தண்ணீர் கழுத்துக்கு ஏறியது. வேலையாட்கள் ஆள் கூட்டிவரத் தெருவுக்கு ஓடினார்கள்.

விஸ்வநாத்தும் போயிருக்கலாம். அவர் குழிக்குள் சறுக்கி இறங்கி, நல்ல கையால் ஆஸிமின் தாடையைத் தண்ணீருக்கு மேலே தாங்கினார்.

“அசையாதே, சனியனே.”

கோபம் தீரவில்லை. ஆனாலும் தீயணைப்பு வண்டி வரும்வரை கையை எடுக்கவில்லை. ஆண்டவன் மனிதனுக்கு இரண்டு கை கொடுத்தது இதற்காகவும் இருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் என்ன நடந்தது என்று கேட்டார். “சுவர் விழுந்துது ஸாரே, அவ்வளவுதான்,” என்றார் விஸ்வநாத். அடுத்த கட்டிலில் ஆஸிம் போர்வையைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

அவன் ஊன்றுகோலோடு வீடு திரும்பியபோது சேமிப்பெல்லாம் கரைந்திருந்தது. குழியை மணல் போட்டு மூடினான். சுவர் மட்டும் பாக்கி.

“அஸ்திவாரம் அகலமா போட்டாத்தான் நிக்கும்,” என்றான் கொத்தனார் சந்தீப். “சேட்டனோட அடுக்களையில ஒரு முழம் போகும்.”

இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் திரும்ப முடியாத அடுக்களை அது. விஸ்வநாத் மனைவி காமாக்ஷியைப் பார்த்தார். அவள் தலை குனிந்துகொண்டாள். “போகட்டும்,” என்றார்.

சந்தீப் முளையடித்து நூல் கட்டிவிட்டு ஆட்களோடு சாப்பிடப் போனான். விஸ்வநாத் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஆஸிம் நொண்டியபடி வந்தான். முளைகளைப் பிடுங்கினான். ஒரு முழம் அளந்து, தன் வீட்டுப் பக்கம் தள்ளி அடித்தான். நூலை இழுத்துக் கட்டினான். பழைய துளைகளைக் காலால் மூடிவிட்டு உள்ளே போனான்.