கேசரி, சுங்குடி, மிளகு

மலர்விழியின் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் வாசலுக்கு ஓடுவது கேசரிதான். செவலை நிறப் பூனை. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், மின்கணக்கு எடுக்கிறவர் என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. காலில் உரசிவிட்டு, மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டிவிடும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையின் பின்புறச் சாக்கடையில் கிடந்து கத்திய குட்டி அது. துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தாள்.

சுங்குடி அதற்கு நேர் எதிர். வெள்ளை உடம்பில் கறுப்பும் செம்பட்டையும் திட்டுத் திட்டாக இருக்கும். சுங்குடிச் சேலைக்குப் பேர்போன சின்னாளபட்டியில், மாமியார் வீட்டுத் தெருவில் கிடைத்ததால் அந்தப் பெயர். மூன்று நிறமும் சேர்ந்து வந்தால் அநேகமாகப் பெட்டையாகத்தான் இருக்கும் என்று கால்நடை டாக்டர் சகாயராணி சொன்னபோது, மலர்விழியின் கணவன் முத்துக்கிருஷ்ணன், "கோபத்தப் பாத்தப்பவே நெனச்சேன் டாக்டர்" என்று சிரித்தான். தன் தட்டில் வேறு பூனை வாய் வைத்துவிட்டால் சுங்குடி அந்த வேளை சாப்பிடாது. தனக்குத் தோன்றும்போது மட்டும் மடிக்கு வரும். மற்ற நேரத்தில் தூக்கினால் கீறும்.

மிளகு முழுக் கறுப்பு. குக்கர் விசிலடித்தால்கூடப் பீரோவுக்கு அடியில் போய்விடும். மலர்விழியைத் தவிர யாரும் அதைத் தொட முடியாது. குழந்தைக்காக மதுரைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்து அவள் சுருண்டு படுத்திருக்கும் நாட்களில், அது ஓசையில்லாமல் வந்து அவள் அடிவயிற்றோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். அந்தச் சூடு அவளுக்கு இதமாக இருக்கும்.

மூன்றுக்கும் தடுப்பூசி போட்டிருந்தாள். கருத்தடையும் செய்தாயிற்று. பூச்சி மாத்திரையைச் சுங்குடிக்குக் கொடுக்க மட்டும் இரண்டு பேர் வேண்டும். கேசரிக்கு ஒரு முறை மூத்திரம் அடைத்துக்கொண்டது. மதுரைக்குக் கொண்டுபோய்க் குழாய் போட்டுத்தான் உயிர் பிழைத்தது. அதிலிருந்து அதற்குத் தனிச் சாப்பாடு, தண்ணீர் கலந்து. "ஆம்பளப் பூனைக்கு இது திரும்ப வரும் மலர். ஒரு நாள் போகலைன்னாக்கூட உடனே தூக்கிட்டு வந்துருங்க, தள்ளிப்போடாதீங்க" என்று சகாயராணி சொல்லியிருந்தார். தினமும் காலையில் பூனைகள் ஒதுங்கும் மண்தட்டைப் பார்த்துவிட்டுத்தான் மலர்விழி காப்பி போடுவாள்.

கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் கலைந்துபோனது. மூன்றாவது முறை தங்கியபோது, சின்னாளபட்டியிலிருந்து மாமியார் பேச்சியம்மாள் துணிப்பையோடு வந்து இறங்கினாள். வந்த அன்றே மிளகு குறுக்கே ஓடியது.

"கருப்புப் பூனைய வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு, வயித்துல தங்கலை தங்கலைன்னா எப்படித் தங்கும்? நான் சொன்னா கெட்டவளாயிருவேன்" என்றாள் பேச்சியம்மாள்.

"நெறத்துல என்ன அத்தை இருக்கு?"

"நெறம் இல்ல தாயி. முடி இருக்கு, பீ இருக்கு. வயித்துப் பிள்ளைக்கு ஆகாதுன்னு செல்லுலயே போடுறாகளே."

முத்துக்கிருஷ்ணனும் அந்தச் செய்தியைப் பார்த்திருந்தான். மகப்பேறு டாக்டரிடம் கேட்டார்கள். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை, பூனைகள் வீட்டைவிட்டு வெளியே போவதுமில்லை, மண்தட்டை மட்டும் வேறு யாராவது சுத்தம் செய்யட்டும், கையை நன்றாகக் கழுவினால் போதும் என்றார் டாக்டர். அன்றிலிருந்து முத்துக்கிருஷ்ணன் கையுறை மாட்டிக்கொண்டு மண்தட்டைச் சுத்தம் செய்தான். முகத்தைச் சுளித்தாலும் ஒரு நாளும் தவறவில்லை. விதைக் கம்பெனி வேலையாக ரெட்டியார்சத்திரம், கன்னிவாடி, வத்தலக்குண்டு என்று அலைந்துவிட்டு வந்தாலும் முதல் வேலை அதுதான்.

மூன்றாம் மாதம் கொஞ்சம் ரத்தம் பட்டது. படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். மிளகு வழக்கம்போல வந்து வயிற்றோடு படுத்தது. அதைப் பார்த்த பேச்சியம்மாள் வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு அழுதாள். முத்துக்கிருஷ்ணன் கதவருகே நின்றுகொண்டிருந்தான். முன்னே இரண்டு முறையும் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்திருந்தது அவனுக்கு ஞாபகம் வந்தது.

"மலரு, ரெட்டியார்சத்திரத்துக்கு அங்கிட்டு, எங்கிட்ட விதை வாங்குற மலைச்சாமிக்குத் தோப்பு இருக்குல்ல. பிள்ள பொறக்குற வரைக்கும் பூனைக மூணும் அங்க இருக்கட்டும். நான் வாரத்துக்கு ரெண்டு தரம் அந்தப் பக்கம் போறேன், பாத்துக்கிறேன்."

அவள் மிளகின் முதுகைத் தடவினாள். எதிர்த்து நின்று, பிறகு எதுவும் ஆகிவிட்டால் அதை யார் தாங்குவது? "கேசரி சாப்பாட்டுல தண்ணி கலக்கணும்னு மலைச்சாமி அண்ணன்கிட்டச் சொல்லணும். மறந்துராதீங்க. சுங்குடி தட்டு தனி" என்றாள். படுத்தபடியே எதை எதை எடுத்துவைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சுங்குடியைப் பெட்டிக்குள் தள்ளும்போது அவன் கையில் நீளமாகக் கீறியது. மிளகு நடுங்கியது. கேசரி தானாகவே பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அதன்பிறகு அவள் தினமும் கேட்டாள். "நல்லா இருக்கு" என்பான். போட்டோ கேட்டால் தோப்புக்குள் சிக்னல் கிடைப்பதில்லை என்பான். வீடியோ எடுத்துக்கொண்டு வரச் சொன்னால் மறந்துவிட்டேன் என்பான். அவளுக்கு என்னவோ உறுத்தியது. ஆனால் வயிறு மெல்ல மேடிடத் தொடங்கியிருந்தது. சந்தேகப்படக்கூட அவள் பயந்தாள்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் துடிப்பு இல்லை.

ஸ்கேன் எடுத்த பெண் கருவியை நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டு, "டாக்டரைக் கூப்பிடுறேன்" என்று எழுந்து போனாள். மலர்விழிக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆண் குழந்தை. வலி வரவழைத்து எடுத்தார்கள். துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் கையில் கொடுத்தார்கள். முத்துக்கிருஷ்ணன் டாக்டரின் அறைக்குப் போய், பூனையால் வந்ததா என்று கேட்டான். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. கருவிலேயே குறை இருந்திருக்கும். யாரும் எதுவும் செஞ்சிருக்க முடியாது" என்றார் டாக்டர். பூனையால்தான் என்று அவர் சொல்லியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மலர்விழி கட்டிலில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மார்பில் பால் கட்டிக்கொண்டு வலித்தது. பேச்சியம்மாள் துணியை இறுக்கிக் கட்டிவிட்டாள்.

"என்னங்க," என்றாள் மலர்விழி. "மூணு பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. இனி யாருக்குப் பயப்படணும்."

அவன் வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டு மறுபடி வைத்தான்.

"செத்த நேரத்துல போயிட்டு வந்துரலாம்ல? மலைச்சாமி அண்ணனுக்கு போன் போடுங்க."

"மலைச்சாமிகிட்ட இல்ல" என்றான் முத்துக்கிருஷ்ணன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னைக்கு அங்க போனேன். கோழி வளக்குறேன், வேட்டைநாய் வேற கெடக்கு, வேணாம்னுட்டான். திரும்பக் கொண்டாரலாம்னுதான் வண்டியத் திருப்பினேன் மலரு. நீ ரத்தத்தோட படுத்திருந்த. எனக்கு வேற ஒண்ணும் தோணல."

"எங்க விட்டீங்க?"

"கன்னிவாடி தாண்டி, வாய்க்கா ஓரம். நாலஞ்சு வீடு இருந்துச்சு. யாராச்சும் சோறு போடுவாகன்னு நெனச்சேன்." கையிலிருந்த கீறல் தழும்பைத் தேய்த்தான். "மத்த ரெண்டும் ஓடிருச்சு. கேசரிதான் பெட்டிய விட்டு எறங்கல. நான்தான் தூக்கிக் கீழ விட்டேன். கொஞ்ச தூரம் வண்டி பின்னாலயே ஓடியாந்துச்சு."

பேச்சியம்மாள் அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். "அடப்பாவி, கிட்ணா. வேற வீட்டுல விடச் சொன்னேனே ஒழிய, ரோட்டுல விடவா சொன்னேன்?" என்றாள்.

மலர்விழி எழுந்தாள். எழுந்ததும் தலை சுற்றியது, சுவரைப் பிடித்துக்கொண்டாள். "வண்டிய எடுங்க" என்றாள். படுக்க வேண்டிய உடம்பு என்று மாமியார் தடுத்ததை அவள் காதில் வாங்கவில்லை.

வெயில் ஏறியிருந்தது. மலை அடிவாரம் வரை சோளமும் தென்னையும் நின்றன. வாய்க்காலில் தண்ணீர் இல்லை. அவன் வண்டியை நிறுத்திய இடத்தில் இறங்கி, அவள் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டபடி நடந்தாள். அவனும் கூப்பிட்டான். எந்தப் பதிலும் இல்லை.

முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பெயர் பாண்டிச்செல்வி. பூனைகளைப் பற்றிக் கேட்டதும் அவள் கை நின்றது.

"செவலப் பூனையா? உங்களுதாக்கா அது? இங்கனதான் கெடந்துச்சு. வந்த அன்னைக்கே கால்ல வந்து விழுந்துருச்சு. எம்புட்டு வெரட்டினாலும் போகல. அப்பறம் பாவமா இருந்துச்சு, சோறு வச்சோம். கருவாடு போட்டா நல்லாத் தின்னும்."

"இப்ப எங்க?"

பாண்டிச்செல்வி ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். "கொஞ்ச நாள்ல அதுக்கு முடியாமப் போச்சுக்கா. மண்ணப் பறிச்சுப் பறிச்சு உக்காரும், ஒண்ணும் வராது. கத்திக்கிட்டே இருக்கும். வயித்துக்கட்டுன்னு நெனச்சு வெளக்கெண்ணெ குடுத்தோம். வயிறு கல்லு மாதிரி ஆயிருச்சு. கடைசி வரைக்கும் தடவிக் குடுத்தா கைய நக்கும். முருங்கைக்குக் கீழதான் பொதச்சோம்."

அது வயிற்றுக்கட்டு இல்லை, மூத்திர அடைப்பு என்று மலர்விழி சொல்லவில்லை. அந்தப் பெண் தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறாள். எப்படி வலித்திருக்கும், எவ்வளவு நேரம் வலித்திருக்கும் என்பது மலர்விழிக்குத் துல்லியமாகத் தெரிந்தது. முருங்கை மரத்தடியில் மண் ஏற்கெனவே சமமாகியிருந்தது. முத்துக்கிருஷ்ணன் அங்கே போகாமல் வண்டியருகிலேயே நின்றுவிட்டான்.

மூன்று நிறத்தில் ஒன்று மோட்டார் ரூம் மேல் ஏறி உட்கார்ந்திருந்ததாகவும், யார் கிட்டப் போனாலும் சீறியதாகவும், தண்ணீர் குடிக்க இறங்கிய நேரத்தில் தெருநாய்கள் சூழ்ந்துகொண்டதாகவும் பாண்டிச்செல்வி சொன்னாள். "ஒரு நாய்க்கு மூக்கு கிழிஞ்சிருச்சுக்கா. ஆனாலும் அம்புட்டு நாய்க்கு அது என்ன செய்யும்?"

"கருப்பு ஒண்ணு?"

"சோளக்காட்டுக்குள்ள ஒண்ணு ஓடுறதப் பாத்திருக்கேன். ஆளு சத்தம் கேட்டாலே நிக்காது."

அது போதும். அன்றிலிருந்து மலர்விழி தினமும் அங்கே போனாள். முத்துக்கிருஷ்ணன் கொண்டுபோய் விட்டான். அவனோடு அவள் பேசவில்லை. சகாயராணி ஒரு கூண்டு கொடுத்தார். உள்ளே மீன் வைத்துவிட்டு, வரப்பில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கூண்டில் ஒரு முறை கீரி விழுந்தது, ஒரு முறை வேறு யாருடைய பூனையோ.

ஒரு நாள் மத்தியானம் மிளகு வந்தது. சோளத்தட்டைகளுக்கு நடுவிலிருந்து தலையை மட்டும் நீட்டியது. காது ஒன்று கிழிந்து காய்ந்திருந்தது. கறுப்பு முடி வெயிலில் செம்பட்டை பாய்ந்து, முதுகெலும்பு தெரிந்தது. மலர்விழி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"மிளகு," என்றாள் மெல்ல. "வாடா. நான்தான்டா."

அது அவளையே பார்த்தது. ஒரு காலை முன்னே வைத்தது. அவளுக்குக் கண்ணீர் முட்டி, தன்னை அறியாமல் கையை நீட்டினாள். நீட்டிய கையைப் பார்த்ததும் மிளகு உடம்பைத் தரையோடு தாழ்த்தியது. வாய் திறந்து சீறியது. வீட்டில் ஒரு நாளும் அது சீறியதில்லை. அடுத்த நொடி சோளத்துக்குள் மறைந்துவிட்டது. இலைகள் அசைவதைப் பார்த்துக்கொண்டே அவள் அந்த வரப்பில் குப்புறப் படுத்து அழுதாள். தூரத்தில் வண்டியருகே நின்ற முத்துக்கிருஷ்ணன் ஓடி வந்தான். தொடப் பயந்து பக்கத்திலேயே நின்றான்.

அடுத்த வாரம் அறுவடை மெஷின் வந்து சோளக்காட்டை வெறும் நிலமாக்கிவிட்டது. அதன்பிறகு மிளகை யாரும் பார்க்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து மலர்விழி போவதை நிறுத்திக்கொண்டாள். கூண்டைத் திருப்பிக் கொடுத்தபோது சகாயராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

பேச்சியம்மாள் ஊருக்குப் போனாள். மலர்விழி மருந்துக்கடைக்குத் திரும்பினாள். வீட்டில் சாப்பாடு, கரண்ட் பில், தண்ணீர் மோட்டார் பற்றி மட்டும் பேச்சு நடந்தது. முத்துக்கிருஷ்ணன் பல முறை மன்னிப்புக் கேட்டுப் பார்த்தான். "நீங்க வேணும்னு செய்யல, தெரியும்" என்பாள். அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வத்தலக்குண்டிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தான். உள்ளே ஒரு குட்டி. செவலை. கண் திறந்து அதிக நாள் ஆகியிருக்காது. "ஒரு கடையில பூனை குட்டி போட்டிருந்துச்சு மலரு. நாலு குட்டி. கேட்டதும் குடுத்தாக" என்றான். அவன் முகத்தில் ஏதோ ஓர் ஆசை இருந்தது.

அவள் குட்டியைக் கையில் எடுத்தாள். பழக்கத்தில் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தாள். வெளுத்திருந்தது. வால் அடியைப் பார்த்தாள். உண்ணி இருந்தது.

"தாய் இருக்கா?"

"கடையிலதான் இருக்கு."

"ரத்தமே இல்ல இதுக்கு. சகாயராணி டாக்டர்கிட்டக் காட்டி மருந்து வாங்கிக்கங்க. நேரா தாய்கிட்டயே கொண்டுபோய் விட்டுருங்க. பாலு குடிக்கிற குட்டி."

"நாம வளத்தா என்ன?"

அவள் குட்டியை மறுபடி பெட்டியில் வைத்தாள். அது அவள் விரலைப் பற்றிக்கொண்டு விடவில்லை. ஒவ்வொரு நகமாகக் கவனமாக விடுவித்தாள்.

"என்னால முடியலங்க" என்றாள்.

முத்துக்கிருஷ்ணன் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். குட்டி கத்திக்கொண்டே போனது. வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும்வரை மலர்விழி அதே இடத்தில் நின்றாள். பிறகு குழாயடிக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள்.