ஐம்பத்தெட்டில் உதறல்

வேகமுள் ஐம்பத்தெட்டைத் தாண்டியதும் வண்டி உதறத் தொடங்கியது. படப்பையிலிருந்து ஒரகடம் போகிற சாலை, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி. ஸ்டியரிங் என் கைக்குள் நடுங்கியது. பின்சீட்டிலிருந்து என் கணவர் வசந்தகுமார், "பாத்தியா, பாத்தியா" என்றார், ஏதோ பந்தயத்தில் ஜெயித்துவிட்டவரைப் போல.

மூன்று மாதமாக இதே பாட்டுதான். "ரெண்டு காலையும் வெச்சு ஓட்றா. ஒண்ணு ஆக்சிலேட்டர்ல, ஒண்ணு பிரேக்ல. கியர்பாக்ஸ் எப்டி தாங்கும்?" என்று சொந்தக்காரர்களிடம் சொன்னார், பக்கத்து பிளாட்காரரிடம் சொன்னார், போனிலேயே மெக்கானிக் ஜெபகுமாரிடமும் சொன்னார். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் இடது காலை இந்த மனிதர் பார்த்ததே இல்லையா? இரண்டு வருடத்துக்கு முன்னால் கம்பெனி பஸ் லாரியில் மோதியபோது முட்டி நொறுங்கி, தகடு வைத்து, மடங்காமலே போன கால் அது. அதைத் தூக்கி பிரேக்கில் வைக்க முடிந்தால் நான் கம்பெனி பஸ்ஸிலேயே ஏறிப் போயிருப்பேனே. பஸ் படி ஏற முடியாததால்தான் கிளச் மிதிக்கத் தேவையில்லாத இந்தப் பழைய ஆட்டோமேட்டிக் காரை என் பேரில் வாங்கினோம். இது இருந்தால் ஆறு மணி ஷிஃப்டுக்கு நான் போவேன். இது போனால் வேலையும் போகும். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வசந்தகுமார் இதை விற்க ஆள் பேசி முடித்துவிட்டார். பதினோரு மணிக்கு வாங்க வருகிறார்கள். "வூட்லயே இரு சசி, காலு நோவாது" என்றார். என் கால் நோவதைப் பற்றி அவர் கவலைப்பட்டது அன்றைக்குத்தான்.

அதனால்தான் காலையில் பீரோவைத் திறந்து ஆர்.சி. புத்தகத்தை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டு, நேராகப் படப்பையில் இருக்கும் ஜெபகுமார் ஷெட்டுக்கு வண்டியை விட்டேன். "போன்ல கேட்டு சொன்னது போதும் தம்பி. நீங்க பக்கத்துல ஒக்காருங்க, நான் ஓட்றேன்" என்றேன். ஜெபகுமார் தூத்துக்குடிக்காரர், அதிகம் பேசமாட்டார். பின்னால் ஏறிய வசந்தகுமார்தான் பேசிக்கொண்டே வந்தார்.

ஜெபகுமார் குனிந்து என் கால்களைப் பார்த்தார். இடது கால் கதவோரம் நீட்டிக் கிடந்தது. அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

"அக்கா, ஆக்சிலேட்டர அப்படியே வச்சுக்கிட்டு, நான் சொல்லும்போது பிரேக்க லேசா தொடணும். உங்களுக்கு ஒரு காலுதான வரும்? இருங்க, நான் தொடுதேன்" என்று, வீட்டிலிருந்து நான் கொண்டுவரும் கைத்தடியை எடுத்து, ரப்பர் முனையை பிரேக் மிதியின் மேல் வைத்தார்.

அறுபதில் உதறல். கைத்தடி லேசாக அழுந்தியது. உதறல் சட்டென்று நின்றது. எடுத்தார், கொஞ்ச தூரத்தில் மறுபடி வந்தது. நான்கு தடவை செய்தார். நான்கு தடவையும் அதே கதை.

"என்ஜின் கோளாறுன்னா பிரேக்க தொட்டா நிக்காதுக்கா. இது டார்க் கன்வெர்ட்டர்" என்றார். என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்துகிற உருண்டையாம். நிலையாக ஓடும்போது அதற்குள் ஒரு கிளச் பூட்டிக்கொள்ளும். பிரேக்கைத் தொட்டால் விட்டுவிடும். அந்தக் கிளச்தான் பிடிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் வழுக்குகிறது. "எண்ணெயப் பாக்கணும்."

ஷெட்டுக்குத் திரும்பி, கியர்பாக்ஸ் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி வெள்ளை பனியன் துணியில் துடைத்தார். சிவப்பாக இருக்க வேண்டியது. பழுப்பாக இருந்தது. "யாருண்ணே இதுல வேற எண்ணெய ஊத்துனது?" என்று பொதுவாகக் கேட்டார். வசந்தகுமார் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

நான் அந்தத் துணியை வாங்கி மோந்தேன். கந்தகமும் பூண்டும் கலந்த நாற்றம். எனக்குத் தெரியாதா அது? பத்து வருடமாக வாரா வாரம் ஊறவைத்துத் துவைக்கிறேன். கம்பெனியில் லாரி ஆக்சில் பூட்டும் லைனில் வேலை செய்கிற என் கணவருடைய யூனிஃபார்மின் நாற்றம்.

"ஆயுத பூஜைக்கு வண்டி கழுவசொல்லோ இன்னா ஊத்துன?"

"கொஞ்சம் கம்மியா கீதேன்னு... கம்பெனி ஆயில்மா அது. தண்ணி பாட்டில்ல எட்தாந்தேன். லாரிக்கே ஊத்தறது. இதுக்கு ஆவாதா?"

எனக்கு ஆத்திரம் வந்தது. எண்ணெய் மாற்றி ஊற்றியதற்காக இல்லை. கம்பெனிச் சரக்கு என்றால் எதற்கும் ஆகும் என்று நம்புகிற ஊர் இது. நானே கம்பெனி கிரீஸை வீட்டுக் கதவுக்குப் போட்டிருக்கிறேன். ஆனால் மூன்று மாதம் ஊரெல்லாம் என் காலைச் சொன்னாரே!

"ஏன்யா, தூக்கவே முடியாத காலு மேல பழி போட்டியே, உனுக்கு வாய் கூசல?"

"சரி வுடு. ஆளு பதினோரு மணிக்கு வர்றான். உதறல சொல்லித்தான் பேசிக்கீறேன், எட்துக்குவான்."

அந்த மனிதர் இன்னும் விற்பதிலேயே இருந்தார். நான் ஜெபகுமாரிடம் திரும்பினேன். "பொழைக்குமா தம்பி?"

"சொல்ல முடியாதுக்கா. மூணு தடவ வடிச்சு நல்ல எண்ணெய் ஊத்தணும். கிளச் கருகலேன்னா சரியாவும். மொத தடவ ஊத்தித் தாரேன், ஓட்டிப் பாருங்க. கொறஞ்சாக்கூட நல்ல சேதிதான்."

"நான் ரோட்டாண்ட டீக்கடையில நிக்கறேன். வரசொல்லோ ஏத்திக்கோ" என்று வசந்தகுமார் போய்விட்டார். பழுப்பு எண்ணெய் தட்டில் ஒழுகி முடிகிற வரை நான் பக்கத்திலேயே நின்றேன்.

பத்தே முக்காலுக்குத் தனியாக சாலையில் ஏறினேன். முப்பது, நாற்பது, ஐம்பது. தூரத்தில் டீக்கடை தெரிந்தது. வசந்தகுமார் சாலையோரம் வந்து கையை நீட்டினார். ஐம்பத்தைந்து. பையில் போன் அடித்தது, அதற்கடியில் ஆர்.சி. புத்தகம். பிரேக்கைத் தொட்டால் கிளச் விட்டுவிடும், உதறல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போய்விடும்.

நீட்டிய கை கண்ணாடியோரம் கடந்து போனது. நான் வலது காலை அசைக்கவில்லை. முள் ஐம்பத்தெட்டைத் தொட்டது.