கொடியில் இரண்டு கம்பளிச் சட்டைகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை துணி காயப்போடுகிற கொடியிலிருந்து வந்தது. சேலத்தில், சித்திரை மாதத்தில், தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கிற வெயிலில், எங்கள் தெருக்கோடி ரொட்டிக்கடைக்குப் பின்னால் இரண்டு கம்பளிச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்று நீலம், ஒன்று பழுப்பு. இந்த ஊரில் கம்பளி போட்டவனைப் பார்த்தால் காய்ச்சலா என்று கேட்பார்கள். எனக்கு மண்டை குடைந்தது. கடைக்காரம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்காமல் ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆகவே இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: “1961ஆம் ஆண்டுக் கோடையில், ஐரோப்பாவின் பனி மூடிய சிகரங்களை நோக்கி ஒரு தாயும் மகளும்—”

சே, வேண்டாம். நான் பார்த்த பனியெல்லாம் ஐஸ்காரன் மரத்தூளில் புதைத்துக் கொண்டுவருகிற கட்டிதான்.

இரண்டாவது தொடக்கம்: “ரொட்டியை அடுப்பில் அடுக்கி அதன் வாயை மூடிய பிறகுதான் இன்னாசிமேரிக்கு உட்கார நேரம் கிடைக்கும்.” இது பரவாயில்லை. இதையே பிடித்துக்கொண்டு போவோம்.

3

இன்னாசிமேரி புருஷனை இழந்தவள். அவன் விட்டுப்போன ரொட்டிக்கடையையும் ஒரே மகள் அன்னாளையும் தூக்கி நிறுத்தியவள். அன்னாள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறாள். பள்ளி விட்டு வந்ததும் அம்மாவுக்கு எதிரே மாவு மூட்டைமேல் உட்கார்ந்து அட்லஸை விரிப்பாள். ரொட்டி வேகிற நேரம்தான் அவர்களுக்குப் பயண நேரம். முதுகுப்பக்கம் அடுப்பு அனலடிக்கும்; விரல் பனிமலைமேல் நிற்கும்.

“பம்பாயில கப்பல் ஏறி ஜெனோவாவுல எறங்கறோம். அங்கிருந்து ரோமாபுரி. அப்புறம் ரயில்ல சுவிட்சர்லாந்து மலை. மலையைத் தாண்டி பிரான்சு. கடைசியா லூர்து.”

“ரயிலு மலையேறுமா கண்ணு?”

“ஏறும்மா. பல்சக்கரம் வெச்சு ஏத்தறாங்க.”

“நடுவுல எறங்கி ஒரு ரொட்டி அடுப்பைப் பாத்துட்டுப் போலாம். அந்தக் குளிருல அவிங்களுக்கு மாவு எப்படிப் பொங்குதுன்னு எனக்குத் தெரியோணும்.”

அன்னாள் சிரிக்க மாட்டாள். “அப்ப அந்த ஊர்ல ரெண்டு நாள் சேத்துக்கலாம்” என்பாள். பள்ளிக் கன்னியாஸ்திரிகளிடம் பின்னல் கற்றவள், ஆளுக்கொன்றாக அந்தச் சட்டைகளைப் பின்னியதும் இதற்காகத்தான். பூச்சி அரிக்கக் கூடாதென்று வருஷா வருஷம் சித்திரையில் வெயிலில் போட்டு எடுத்து வைப்பார்கள். ஒவ்வொரு கோடையிலும் ஏதாவது குறுக்கே வரும். ஒரு வருஷம் அடுப்பு இடிந்தது. ஒரு வருஷம் இன்னாசிமேரிக்கு மஞ்சள் காமாலை. “சரி, அடுத்த கோடைக்குப் பாத்துக்கலாம்” என்று அட்லஸை மூடுவார்கள்.

[ரொட்டி விற்கிறவளுக்கு ஐரோப்பா எதற்கு என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வருகிறேன், இருங்கள்.]

4

அன்னாள் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் விழுந்து கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு படம். மலை, மலையில் குகை, குகையில் வெள்ளுடுப்பு மாதா. சன்னலுக்கு வெளியே பார்த்தால் சேர்வராயன் மலை. இன்னாசிமேரி இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிட்டாள். பக்கத்து மலைதானே, ஒரு பகலில் போய்வரலாம் என்ற தைரியத்தில் நேர்ந்துகொண்டாள்: “தாயே, பொழைக்க வெச்சுக் குடு. ஒன் மலைக்கே கூட்டியாந்து முடி குடுக்கறேன். அதுவரைக்கும் எம்பொண்ணு தலையில கத்திரி படாது. கண்ணாலமும் பேச மாட்டேன்.”

பிள்ளை பிழைத்தது. படத்தில் இருப்பது பிரான்சு தேசத்து லூர்து என்று ஒரு கன்னியாஸ்திரி சொன்னபோது இன்னாசிமேரி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

சேர்வராயன்மேலும் ஒரு மாதா கெபி* உண்டு. “அங்கேயே குடுத்துட்டா ஆச்சு” என்று ஊரே சொன்னது. அவள் மசியவில்லை. “நான் பாத்து வேண்டுனது அந்த மலையைத்தான். மாதாகிட்ட நான் பேச்சு மாறுவனா?” கத்திரி படாத கூந்தல் அன்னாளுக்கு முழங்காலைத் தொட்டது.

* குகை மாதிரிக் கல்லடுக்கி உள்ளே மாதா சுரூபம் வைத்திருப்பார்கள். நம் பக்கத்து மாதா கோயில்களில் பார்த்திருப்பீர்கள்.

5

இங்கே கிறிஸ்துராஜ் வருகிறான். நெய்வேலியில் வேலை, அன்னாளைப் பெண் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறான். முதல் பிரதியில் அவனை “அம்மாவா நானா, முடிவு பண்ணு” என்று கத்த விட்டேன். ஒட்டவில்லை. அப்படிக் கத்துகிறவனை அன்னாள் ஏறெடுத்தும் பார்த்திருக்க மாட்டாள். அடித்துவிட்டேன். இப்போது அவன் பொறுமையாகக் காத்திருக்கிறான். அந்தப் பொறுமைதான் இன்னாசிமேரியை அறுத்தது.

மகளுக்கு வயசு ஏறுகிறது. தன் வாய்வார்த்தை அவள் கழுத்தில் தாலி ஏறாமல் தடுத்து நிற்கிறது. அதுகூடப் பெரிதில்லை. இன்னாசிமேரி மனசின் அடியில் இன்னொன்று கிடந்தது: நேர்ச்சை தீர்ந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் நெய்வேலி, அப்புறம் எதிரே மாவு மூட்டைமேல் யார் உட்காருவார்கள்? மாதா பேரைச் சொல்லிப் பெண்ணைக் கட்டிப்போட்டது நான்தானோ என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நேரே பங்குச் சாமியாரிடம் போனாள்.

“ஏனுங்க சாமி, என்ற நேர்ச்சையை மாத்திக் குடுக்க முடியுங்களா?”

“இத்தனை வருஷமா இதைத்தானேம்மா சொல்லிட்டிருக்கேன். பிஷப்புகிட்ட அனுமதி வாங்கித் தர்றேன். மலைமேல கெபியில பூமுடி குடுங்க, போதும்.”

பூமுடி என்றால் முழு மொட்டை அல்ல. நுனியில் ஒரு பிடி.

6

ஏற்காட்டு பஸ் மலையடியில் கொண்டப்பநாயக்கன்பட்டியில் நின்றது. ஏற்றத்துக்கு முன்னால் டிரைவர் என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றினார். அம்மாவும் மகளும் இறங்கிப் புளியமர நிழலில் நின்றார்கள். இன்னாசிமேரி மகளின் பின்னலைக் கையில் வாங்கி நுனியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ரோமாபுரிக்கு மூணு நாள் பத்தாது” என்றாள் அன்னாள்.

“இன்னும் என்ன கண்ணு ரோமாபுரி? இன்னிக்கோட எல்லாந் தீந்துதே.”

“எது தீந்துச்சு?”

“நேர்ச்சைதான். சாமியாரே வெலக்குக் குடுத்துட்டாரே.”

“அது உன் நேர்ச்சைக்கு” என்றாள் அன்னாள். “நானும் ஒண்ணு நேந்திருக்கேன். சின்ன வயசுல, கோயில்ல புதுநன்மை வாங்குன அன்னிக்கு. எங்கம்மாவை அந்த மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு. எனக்கு யாரும் வெலக்குக் குடுக்கல. நானும் கேக்கப் போறதில்ல.”

தான்தான் மகளை இழுத்துப் பிடித்திருப்பதாக இன்னாசிமேரி இத்தனை நாளும் நினைத்திருந்தாள். பின்னலை விடாமல் நின்றாள்.

“கண்ணாலத்துக்கு அப்புறம் அவரு உடுவாரா கண்ணு?”

“கேட்டுட்டேன். கோடைக்குக் கோடை நான் உங்கிட்ட வந்துருவேன்னு சொல்லிட்டேன். சரின்னுட்டாரு.”

கண்டக்டர் விசில் கொடுத்தார். இன்னாசிமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். முதல் வளைவு திரும்பும்போது கேட்டாள்: “அப்ப ரோமாபுரிக்கு அஞ்சு நாளா வெச்சுக்கலாமா?”

7

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் கப்பல் ஏறினார்களா இல்லையா என்று என்னை விடமாட்டீர்கள்.

முடிவு அ: ஏறினார்கள். ஒரு மலைக்கிராமத்து ரொட்டி அடுப்புக்கு முன்னால் இன்னாசிமேரி கையைக் காய்ச்சிக்கொண்டு, “எங்க ஊருல இந்நேரம்—”

முடிவு ஆ: ஏறவில்லை. கோடைக்குக் கோடை நெய்வேலியிலிருந்து அன்னாள் வருகிறாள், அட்லஸ் விரிகிறது, ரொட்டி வேகிறது, அவ்வளவுதான்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். முதலாவதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டாவதை எழுதும்போது நிம்மதியாக இருந்தது. எதை வைப்பதென்று தெரியாமல் இந்த வருஷச் சித்திரையில் ரொட்டி வாங்கப் போனேன். போகிற சாக்கில் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன்.

கொடியில் மூன்று கம்பளிச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. நீலம், பழுப்பு, நடுவில் மஞ்சளில் ஒரு குட்டிச் சட்டை. கடைக்காரம்மா அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தடவை வாயைத் திறந்து கேட்டுவிட்டேன்: “பேத்திக்கா? கை ரொம்ப நீளமா இருக்கே.”

“ஆமாங்க. அடுத்த கோடைக்குச் சரியா இருக்குமுங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து இரண்டு முடிவுகளையும் அடித்துவிட்டேன். கப்பல் டிக்கெட்டு உங்கள் பொறுப்பு. வாங்குவதானால் மூன்றாக வாங்குங்கள்.