பாக்கி பதிமூணு கிலோமீட்டர்

எங்க வூட்டுக்காரர் ஜெகதீசன் இருக்காரே, பேச்சுல மகாராசா. செய்யறதப் பத்தி மட்டும் கேக்காதீங்க. போன ஆயுத பூசை அன்னிக்கி அவரோட பழைய பைக்குக்குச் சந்தனம், குங்குமம் வெச்சி, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சி நசுக்கிட்டு, எங்க அண்ணன் சின்னதுரையையும் மாமியாரையும் பக்கத்துல நிக்க வெச்சிக்கினு ஒரு சபதம் வுட்டாரு.

"மீட்டர் லட்சத்தத் தொடட்டும். அன்னிக்கிப் பூசணிக்கா ஒடைச்சி, இந்த வண்டியக் கலைமதி கையில குடுத்துட்டு நான் புதுசு எடுத்துக்கறேன். அவ ஜம்முனு வேலைக்குப் போவட்டும்."

அண்ணன் கை தட்டிச்சி. நானும் கூடச் சேர்ந்து தட்டுனேன், அறிவு கெட்டவ.

அப்போ மீட்டர்ல இருந்தது தொண்ணூத்தெட்டாயிரத்துச் சொச்சம். தெனம் திண்டிவனத்துக்கு ஓட்டிக்கினு போற ஆளுக்கு இதெல்லாம் ஒரு தூரமான்னு இருந்துட்டேன். நான் லேப் டெக்னீசியன் படிச்சவ. படிச்சிட்டு ஆறு வருசமா கேப்பைக்களி கிண்டிக்கினு கெடக்கேன். பொங்கல் முடிஞ்சதும் விழுப்புரத்துல ஒரு லேப்லேர்ந்து வேலைக்கிக் கூப்புட்டாங்க. மார்ச் ஒண்ணாந்தேதி காலைல ஆறு மணிக்கு வந்து சேரணும், வரலன்னா அடுத்த ஆளு ரெடியா இருக்குன்னு சொல்லிட்டாங்க. எங்க ஊரு கூட்டேரிப்பட்டுலேர்ந்து உள்ள தள்ளி இருக்கு. மொதல் பஸ்ஸே ஆறே முக்காலுக்குத்தான் வரும். வண்டி இல்லன்னா எனக்கு வேலை இல்ல, அவ்ளோதான்.

வேலைக்கிக் கூப்புட்ட நாலாம் நாளு மீட்டர் நின்னுபோச்சு. தொண்ணூத்தொம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு. முள்ளும் ஆடல, நம்பரும் நவுரல.

"அய்யோ பாத்தியா கலை, இந்த நேரத்துலயா பூடணும்?"னு மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு நின்னாரு. என்னா நடிப்பு! நானும் நம்பி, பாவம் மனுசன்னு காப்பி போட்டுக் குடுத்தேன்.

அப்புறம் ஆரம்பிச்சுது ரிப்பேர் கதை. ஒரு ஞாயித்துக்கெழம விழுப்புரம் போய்ட்டு வந்து, கேபிள் கெடைக்கலன்னாரு. அடுத்த ஞாயிறு திண்டிவனம். உள்ள பல்சக்கரம் தேஞ்சிபோச்சாம். மூணாவது ஞாயிறு, இந்த மாடலுக்கு மீட்டர் செய்யறதையே நிறுத்திட்டாங்களாம். இவரு ஒருத்தரு வண்டிக்கின்னே பாத்து நிறுத்தியிருக்காங்க போல.

"ஏங்க, பாக்கி பதிமூணு கிலோமீட்டர். ரிப்பேருக்குன்னு நீங்க அலைஞ்சதே நூறு தாண்டிருக்கும். லட்சம் எப்பவோ ஆயிடிச்சி, வண்டியக் குடுங்க"ன்னேன்.

"ஓடிச்சிதான். மீட்டர்ல ஏறலியே. பூசை போட்டுச் சொன்ன வார்த்தை கலை, மீட்டர்ல வரணும்"னாரு.

மாமியாரும் அவரு பக்கமே சாஞ்சிக்கிச்சி. சாமி முன்னாடி சொன்னதாச்சே.

பிப்ரவரி கடைசில அனந்தபுரத்துல ஒரு கல்யாணம். எனக்குத் தலைவலின்னு படுத்துக்கினேன். அவரும் மாமியாரும் வேன்ல ஏறிப் போனதும் எழுந்து சாவிய எடுத்தேன். வண்டி ஓட்ட எங்க அண்ணன் எப்பவோ கத்துக் குடுத்துடிச்சி, லைசென்சும் இருக்கு. நேரா திண்டிவனம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டீபன்ராஜ்னு ஒருத்தன் மீட்டர் ரிப்பேர் பண்றான். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி மாதா கோயில்லேர்ந்து அப்பத்தான் வந்து கடையத் தொறந்தான்.

"இந்த வண்டியா? அண்ணன் வாரா வாரம் வர்றாரே அக்கா. டீ குடிப்பாரு, கெளம்பிடுவாரு. மீட்டர்னு ஒரு வார்த்தை பேசுனதில்லியே"ன்னான்.

முன்சக்கரத்துகிட்ட குந்திப் பாத்துட்டு, "இதுல என்னாக்கா ரிப்பேரு? யாரோ கேபிளக் கழட்டி வுட்டிருக்காங்க"ன்னான். எட்டிப் பாத்தேன். கேபிள் நுனியில தூசி படாம கேரி பேக்க மடிச்சிச் சுத்தி, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி, பின்பக்கமா மறைச்சி வெச்சிருக்கு. வூட்டுக் கொழாய்க்கி ஒரு வாஷர் மாத்தத் தெரியாத ஆளு, இதுல மட்டும் என்னா சுத்தம்! அந்த ரப்பர் பேண்டு என்னுது. நான் முடி கட்டற செவப்பு ரப்பர் பேண்டு, அறுந்து போயி நானே முடிச்சி போட்டது. ஒரு மாசமாத் தேடிக்கினு இருந்தேன்.

போவாதன்னு சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன். அதுக்குக் கூட துப்பில்லாம, எல்லாரு முன்னாடியும் வேலைக்குப் போடின்னு சொல்லிட்டு, திருட்டுத்தனமா மீட்டரக் கழட்டறதா? தூ!

ஸ்டீபன்ராஜ் உள்கம்பிய உருவி, துரு போவ மண்ணெண்ணெயில தொடைச்சி, கிரீஸ் தடவிச் சொருகி, ஒரே ஒரு ஸ்குரூவ முடுக்கினான். சக்கரத்தத் தூக்கிச் சுத்துனதும் முள்ளு துள்ளிச்சி. பத்து நிமிசம் ஆவல.

திரும்பி வர்றப்போ ரோட்டப் பாத்தேனோ மீட்டரப் பாத்தேனோ. கூட்டேரிப்பட்டு நெருங்கறப்போ வண்டிய ஓரங்கட்டி, மெதுவா உருட்டுனேன். ஒம்போதுங்க எல்லாம் ஒண்ணா மேல ஏற ஆரம்பிச்சுதுங்க. மீட்டர்ல அஞ்சி எடந்தான், அஞ்சி சைபரு வந்து நின்னுது. கண்ணு தளும்பிடிச்சி. சே, இந்த டப்பா வண்டிக்கிப் போயி அழறியேடின்னு என்னையே திட்டிக்கினு, கடையில ஒரு பூசணிக்கா வாங்கிக் கட்டிக்கினு வந்தேன்.

சாயங்காலம் தாம்பூலப் பையோட வந்தவரு, நேரா மீட்டரத்தான் பாத்தாரு.

"இன்னா இது? நாலுன்னு காட்டுது?"

"லட்சத்து நாலு."

மீட்டரத் தட்டிக் காட்டுனாரு. "லட்சம்னு எங்க போட்டிருக்கு? நாலுன்னுதான போட்டிருக்கு? மீட்டர்ல வரணும்னுதான நான் சொன்னேன்?"

மாமியாரே தலையில அடிச்சிக்கிச்சி. நான் கேரி பேக்கையும் ரப்பர் பேண்டையும் எடுத்து டேங்கு மேல வெச்சேன். மனுசன் மூஞ்சி செத்துப்போச்சி.

"இல்ல கலை... ரோடு பூரா லாரிங்க... இருட்டுல நீ தனியா..."

"அத வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னா?"

"சொன்னா நீ கேக்க மாட்டியே."

"கேக்க மாட்டேன்தான்."

ஒண்ணாந்தேதி காலைல அஞ்சி மணிக்கு வண்டிய வாசல்ல நிறுத்தி, பூசணிக்கா மேல கற்பூரம் ஏத்தி அவர் கையில குடுத்தேன். "உங்க சபதம், நீங்களே ஒடைங்க."

மூணு சுத்து சுத்தி ஒடைச்சாரு. அந்தச் செவப்பு ரப்பர் பேண்டாலயே முடியக் கட்டிக்கினு கிக்கர ஒதச்சேன். என் சக்கரம் வழுக்கக் கூடாதுன்னு, குனிஞ்சி பூசணிக்காத் துண்டுங்கள ஒவ்வொண்ணாப் பொறுக்கிக்கினு இருந்தாரு.